சுவரைப் பார்த்த ஸ்டில்

எங்கள் கல்முனையில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகவேண்டும். தொண்ணூறுகளில் நானும் போனேன், சேர்த்துவைத்திருந்த பழைய சினிமா ஸ்டில்களோடும் கதைவசனப் பிரதிகளோடும். முன்னறையில் ஒரேயொரு ஸ்டில்லைத்தான் மாட்டினேன்: பெட்டியோடு வாசலில் நிற்கும் ஒரு பெண். அந்தப் படத்தின் பிரதியில் கடைசிப் பக்கங்கள் இல்லை. அவள் வீட்டைவிட்டுப் போகிறாள் என்றே நினைத்திருந்தேன்.

ஒவ்வொரு தொழுகைக்கும் மாமி, என் மனைவியின் தாய், அவளைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார். நான் நேராக்குவேன். மறுபடியும் திருப்புவார். ஒருநாள் பார்த்தால், ஸ்டில்லின் பின்னால் ஒட்டியிருந்த காகிதம் கிழிந்து தொங்குகிறது! கத்திவிட்டேன்.

“தொழக்குள்ள அவ என்னையே பாக்கிறா மருமகன். நான் என்ன செய்யிற?”

மனிசன் இருக்கிற வீடா இது! உம்மா வீட்டுக்கே போய்விடுவதென்று உடுப்புப் பெட்டியைத் தூக்கினேன். ஸ்டில்லைக் கழற்றும்போது, கிழிந்த காகிதத்துக்கு அடியில் ஸ்டூடியோக்காரர் பென்சிலால் எழுதியது தெரிந்தது: ‘கடைசிக் காட்சி. கோபித்துப் போனவள் வீடு வந்து சேர்கிறாள்.’

பெட்டியோடு வாசலில் நின்று அதை வாசித்தேன்.

“சோறு ஆறுது மருமகன்” என்றார் மாமி, உள்ளேயிருந்து.

திரும்ப மாட்டிய ஸ்டில்லை மாமி இன்றும் திருப்பித்தான் வைத்திருக்கிறார். எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. நேராக்குவதை மட்டும் விட்டுவிட்டேன்.