கரண்ட் தேவைப்படாத பெட்டி

பேர்ணடெற்றுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர், கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் வேலை. கோயில் பாடகர் குழுவில் சிறுவயது முதல் பாடிவந்ததால் காது கூர்மை. கப்பலில் எஞ்சினியராக இருந்த தம்பி றேமண்ட் சிங்கப்பூரிலிருந்து சீடி பிளேயர், அம்ப்ளிபயர், ஸ்பீக்கர் எல்லாம் கொண்டுவந்து கொடுத்திருந்தான். ஆனால் பிளேயருக்கும் அம்ப்ளிபயருக்கும் நடுவே, வொலியூம் கூட்டிக் குறைக்க இருந்த பிரீஅம்ப் ஓயாமல் சீறிக்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. அவருக்கோ அந்தச் சீறல் எல்லாப் பாட்டின் மேலும் தூசிபோலப் படிந்திருந்தது.

புறக்கோட்டையில் ஒரு ரேடியோ சாமான் கடையில் இதைப்பற்றி அவர் முறையிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற நவரத்தினம் திரும்பிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக் கோண்டாவில்காரர், வெள்ளவத்தையில் குடியிருந்த தொலைபேசி எஞ்சினியர்.

"சீடி பிளேயரிலை இருந்து வாற சிக்னலே போதும், மிஸ். அதை முதல்லை பெருப்பிச்சு, பிறகு நீங்களே குறைக்கிறியள். பெருப்பிக்கிற இடத்திலைதான் அந்தச் சீறல் வருது. குறைக்க மட்டும் ஒரு பெட்டி செய்து தாறன். அதுக்குக் கரண்டே தேவையில்லை."

ஒரு சனிக்கிழமை காலை வெள்ளவத்தையில் தன் வீட்டில் நவரத்தினம் அந்தப் பெட்டியைப் போட்டுக் காட்டினார். சாப்பாட்டுப் பெட்டி அளவு அலுமினியம். முன்னால் ஒரு குமிழ், பின்னால் நான்கு துளை. உள்ளே ஏழெட்டு வயர்களைத் தவிர வெறுமை. பாட்டுத் தொடங்குமுன் பாடகர்கள் மூச்சிழுத்த சத்தம் பேர்ணடெற்றுக்குக் கேட்டது. அந்த இசைத்தட்டில் அப்படியொரு மூச்சு இருப்பதே அதுவரை அவருக்குத் தெரியாது.

"இது ஒண்டையும் சேர்க்காது" என்றார் நவரத்தினம். "ஆனா வயரை நீட்டிப்போடாதேங்கோ. நீண்டால் சத்தம் மங்கிப்போகும்."

மூடியைத் திறந்து, எந்த வயர் எங்கே போகிறது என்றும் காட்டினார். காட்டும்போது பேர்ணடெற்றின் கேள்விகளைத் தலையை ஒரு பக்கம் சாய்த்தே கேட்டார். முந்திய வருடம், மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, அவரை இரண்டு முறை பொலிசார் விசாரணைக்கென்று பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டாம் முறை திரும்பி வந்ததிலிருந்து இடது காது சரியில்லை.

பெட்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பேர்ணடெற் பஸ் ஏறினார். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். பொலிஸ்காரப் பெண் அவருடைய பைக்குள் கைவிட்டவள் சட்டென்று கையை எடுத்தாள்.

"மேக்க மொகக்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டாள்.

"பாட்டுக் கேட்கிற சாமான், தங்கச்சி" என்று பேர்ணடெற்றும் சிங்களத்திலேயே சொன்னார். அதற்குள் சுற்றி நின்றவர்கள் விலகிவிட்டார்கள். யாரோ ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பை மட்டும் நடைபாதையில் தனியே கிடந்தது.

பேர்ணடெற்றைப் பொலிஸ் நிலைய வாங்கில் உட்காரவைத்தார்கள். இராணுவத்திலிருந்து ஒருவன் வந்து, முற்றத்தில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துப் பெட்டியைத் திறந்தான். பிறகு அதை மேசைக்குக் கொண்டுவந்தார்கள். இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை. அதுதான் பேர்ணடெற்றுக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

"பிளக் இல்லை, பெட்டரி இல்லை. இது என்ன செய்யும்?"

"ஒன்றும் செய்யாது, சேர். வருகிற சத்தத்தைக் குறைக்கும்."

"ஒன்றும் செய்யாத பெட்டியை யாராவது பையில் வைத்துக்கொண்டு திரிவார்களா? யார் செய்தது?"

பேர்ணடெற்றின் அடையாள அட்டையில் கொழும்பு விலாசம். நவரத்தினத்தின் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். மூன்றாம் முறை பிடித்தால் அவர் திரும்பி வருவாரா?

"நான்தான் செய்தேன்."

இன்ஸ்பெக்டர் மேசையில் கிடந்த குறடொன்றை எடுத்து, குமிழுக்குப் பின்னால் ஒட்டியிருந்த வயர் ஒன்றைப் பிடுங்கினார். "அப்படியென்றால் சொல்லுங்கள். இது எங்கே போகவேண்டும்?"

எல்லா வயர்களும் ஒரே நிறம். காலையில் வயர்களைச் சுட்டிக்காட்டிய நவரத்தினத்தின் விரலைப் பேர்ணடெற் நினைத்துப் பார்த்தார். குமிழுக்குப் பின்னால், இடது வலது என்று ஒரு பக்கத்துக்கு மூன்று உலோகக் கால். ஒரு ஓரத்தில் சத்தம் உள்ளே வரும். மற்ற ஓரம் எர்த். பிடுங்கிய வயரின் மறுமுனையைக் கண்ணால் பின்தொடர்ந்தார். அது அம்ப்ளிபயருக்குப் போகும் துளையில் முடிந்தது.

"நடுக் காலில்."

சரியா பிழையா என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை. அவர் இராணுவக்காரனைப் பார்த்தார். அவன் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

கந்தோர் மனேஜருக்கு ஃபோன் போட்டு விசாரித்த பிறகு பொழுதுசாயும் நேரம் விட்டார்கள். பெட்டியைக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கந்தோரிலிருந்து நவரத்தினத்துக்கு ஃபோன் செய்தார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

"என்ரை பேரைச் சொன்னனீங்களோ?"

"இல்லை, அண்ணன். நான் செய்ததெண்டு சொன்னனான்."

"கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதேங்கோ, மிஸ்."

நியாயம் புரிந்தது. ஆனாலும் ரிசீவரை வைத்தபிறகு பேர்ணடெற் அழுதார். வீட்டிலோ பழைய பிரீஅம்ப்பை இனிச் சகிக்க முடியவில்லை. அதில்லாமல் எப்படிக் கேட்கும் என்று தெரிந்துவிட்டதே.

பொலிசில் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடுவது என்று முடிவுசெய்தார். சோல்டரிங் அயன் வாங்கினார். விரலைச் சுட்டுக்கொண்டார். முதலாவது பெட்டி வண்டுபோல ரீங்கரித்தது. எர்த்தைச் சேர்க்க மறந்திருந்தார். இரண்டாவது பாடியது.

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் நவரத்தினம் கொட்டாஞ்சேனைக்கு, பேர்ணடெற்றின் வீட்டுக்கு வந்தார். முதலில் பேர்ணடெற் செய்த பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"என்ன மிஸ், சோல்டரைக் கொழுக்கட்டை மாதிரி அப்பி வைச்சிருக்கிறியள்!"

"அப்ப திருத்தித் தாங்கோ."

"வேண்டாம். நல்லா வேலை செய்யும்." மூடியைத் திரும்ப மாட்டினார். "அண்டைக்கு நான் ஃபோனிலை நன்றிகூடச் சொல்லேல்லை."

"இருங்கோ, கேக் வெட்டுறன்" என்றார் பேர்ணடெற்.

பின்னேரம் முழுக்க இசைத்தட்டை மாற்றி மாற்றிக் கேட்டார்கள். இருட்டுமுன் வெள்ளவத்தைக்குப் போய்ச்சேர வேண்டுமென்று நவரத்தினம் எழும்பியபோது பேர்ணடெற்றும் கூடவே நடந்தார். பஸ் புறப்பட்டு, வளைவில் மறையும்வரை தரிப்பிடத்திலேயே நின்றார்.