உண்மையைச் சொல்லச் சொன்னவர்

செங்காங் வீட்டிலிருந்து வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். ரேணுகா அக்காவின் மகள் அழைத்தாள். "அம்மா விடியக்காலையில போயிட்டாங்க ஆன்ட்டி." ஈரலில் புற்றுநோய்; எதிர்பார்த்த செய்திதான். இருந்தும் ரயிலில் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் தொழில் ஆலோசனை நிலையம். பதினோரு ஆண்டுகள் அக்காவுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. சிறையிலிருந்து வெளிவருபவர்களை அவரிடம்தான் அனுப்புவார்கள். நேர்காணலுக்குத் தயார்செய்யும்போது எல்லாரிடமும், "எதையும் மறைக்காதீங்க. உண்மையச் சொல்லுங்க" என்பார்.

குமரனிடமும் அதையே சொன்னார். நாற்பது வயது, போதைப்பொருள் வழக்கில் உள்ளே போய், அங்கேயே ஏர்கான் குளிர்சாதனங்களைப் பழுதுபார்க்கக் கற்றவர். ஏழு இடங்களில் உண்மையைச் சொன்னார். ஏழிலும் வேலை இல்லை. "ஜெயில்னு சொன்னதும் பேனாவ மூடிடுறாங்க அக்கா. அப்புறம் நான் எதுக்குப் பேசணும்?" என்றார். அக்கா எட்டாவது முகவரியை எழுதிக் கொடுத்தார். குமரன் அங்கே போகவில்லை. இரண்டு மாதத்தில் மறுபடி பிடிபட்டார்.

அவர் பிடிபட்ட செய்தி வந்த அன்று அக்கா சாப்பிடவில்லை. "இத்தனை வருஷமா வர்றவங்களத்தான் திருத்திக்கிட்டு இருந்தேன். பேனாவ மூடுறவங்கள ஒரு நாளும் போய்ப் பாக்கல" என்றார்.

பிறகு முதலாளிகளைத் தேடிப் போகத் தொடங்கினார். தோ பாயோ பட்டறைகள், பஸ் எப்போதாவது வரும் கிராஞ்சிப் பண்ணைகள். "முதல்ல வேலை தெரியுமான்னு கேளுங்க. வழக்கு அப்புறம்" என்பதே அவர் கோரிக்கை. ஒரு முதலாளி, "உங்க வீட்டுக்குள்ள இவங்கள விடுவீங்களா மேடம்?" என்று கேட்டார். "ரெண்டு தடவ ரிப்பேர் வேலைக்கு விட்டிருக்கேன். நல்லா செஞ்சாங்க" என்றார் அக்கா. அந்த முதலாளி வேலை தரவில்லை. மூன்று நிறுவனங்கள் மட்டும் விண்ணப்பத்திலிருந்து சிறை சென்றதுண்டா என்ற கேள்வியை எடுத்தன. எங்கள் நிலையத்தின் ஆண்டறிக்கையில் அதைச் சமூக மாற்றம் என்று எழுதியிருந்தேன். "மூணே மூணு. அந்த வரிய அடிச்சிடுங்க" என்றார்.

குமரனைச் சிறையில் போய்ப் பார்த்தார். "உங்க மேல கோவம் இல்லக்கா. வேலையப் பத்தி மட்டும் பேசாதீங்க" என்றாராம். அக்கா வேலைப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் போன மாதம் உடம்பு விழும்வரை மாதந்தோறும் போனார்.

மண்டாய் மயானத்தில் ஐந்தாறு பேர் வேலைச் சீருடையிலேயே வந்து பின்வரிசையில் நின்றார்கள். யாரென்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

குமரனுக்கு இன்னும் தெரியாது, அக்கா. அடுத்த வாரம் சிறையின் சந்திப்பு அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உங்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கம் நான் போய் உட்காருவேன்.

போய் வாருங்கள், அக்கா.