சாந்தகுமாரி வீட்டுத் தண்ணீர்

“வைதேஹி, எனக்கு மாற்றல் கேட்டு இந்தியில ஒரு மனு எழுதித் தாரியா?” என்றாள் சாந்தகுமாரி.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த வைதேஹியின் கை நின்றது.

“உங்களுக்கா அக்கா? அந்தக் கிராமத்தை விட்டு வரவே மாட்டேன்னு போன மாசம்தானே அம்மாகிட்ட சண்டை போட்டேள்?”

“அது போன மாசம்.”

“எந்த ஊருக்குன்னு எழுதட்டும்?”

“டவுனுக்குள்ள எந்த ஆஸ்பத்திரின்னாலும் சரி.”

“காரணம் ஒண்ணு போடணுமே.”

“முதுகு வலி. சைக்கிள் மிதிக்க முடியல.”

சமையலறையிலிருந்து வைதேஹியின் அம்மா காமாக்ஷி எட்டிப் பார்த்தாள். “அரை மூட்டை கேரட்டைத் தூக்கிண்டு இப்போதானேடி மாடி ஏறினே! முதுகு வலியாம்!”

வைதேஹி காகிதத்தை எடுத்த பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சாந்தகுமாரி சொன்னாள்: “ஊர்ப் பெரியவரு என் வீட்டுல தண்ணி குடிக்க மாட்டேங்காவ. இதை மனுவுல எழுத முடியுமா? முதுகு வலின்னே போடு.”

வைதேஹி அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

சாந்தகுமாரிக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். அண்ணன் பாலசுப்ரமணியத்துக்குத் தில்லியில் அரசாங்க வேலை கிடைத்தபோது கூடவே வந்து, மருத்துவச்சிப் படிப்பு முடித்தாள். கோல் மார்க்கெட்டில் வைதேஹி வீட்டுக்குப் பக்கத்து வீடு அவர்களுடையது. அண்ணனுக்கு நாக்பூருக்கு மாற்றலானது. அவளுக்குத் தில்லி எல்லையில் நஜஃப்கரைத் தாண்டி ஒரு கிராமத்தில் வேலை கிடைத்தது. மாதம் ஒரு ஞாயிறு கோல் மார்க்கெட் வருவதை மட்டும் அவள் விடவில்லை.

எழுபத்தொன்றில் அந்த ஊருக்குப் போனவள், அழுதுகொண்டேதான் போனாள். இரண்டு மாதத்தில் அழுகை நின்றது. “படிக்கும்போது வார்டுல பெட் நம்பர்தான் தெரியும். நாலாம் நாள் அந்த பெட்ல வேற ஆளு. இங்க நான் பிறக்க வச்ச பிள்ளை என் சைக்கிள் மணியை அடிச்சுட்டு ஓடுது. எந்த வீட்டுல எவளுக்கு மசக்கைன்னு நான் சைக்கிளை விட்டு இறங்குமுன்னே மாடிக்கு மாடி கத்திச் சொல்லிருதாளுவ” என்பாள். எந்தக் குழந்தைக்கு எந்த மாதம் ஊசி என்று அவள் நோட்டைப் பார்ப்பதில்லை. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தபோது அவள் வீட்டு அடுப்பை யார் யாரோ வந்து மூட்டினார்கள். யாரென்று கடைசிவரை அவளுக்கு முழுதாகத் தெரியவில்லை.

அந்த ஊருக்குப் பெரியவர் சௌத்ரி ஹர்பூல். அவளுடைய துணை மருத்துவ நிலையத்துக்கு இடம் கொடுத்தவர். தினமும் ஹுக்காவைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவள் போடும் தேநீரைக் குடித்து, “இதிலே சர்க்கரையைக் காணோம், மதராஸுக்கே திருப்பி அனுப்பிவிடுவேன்” என்று மிரட்டிவிட்டுப் போவார்.

எழுபத்தெட்டில் வெள்ளம் வந்தது. வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கிளம்பிவிட, சாந்தகுமாரி மட்டும் போகவில்லை. ஒன்பது நாள் பள்ளிக்கூட மொட்டைமாடியில் இருந்து இரண்டு பிரசவம் பார்த்தாள். தண்ணீர் வடிந்த பிறகு ஹர்பூல் பழையபடி வந்தார், உட்கார்ந்தார், பேசினார். ஆனால் தேநீரைத் தொடவில்லை. தண்ணீர் கொடுத்தாலும் கைகூப்பினார். அவரைப் பார்த்து மற்றப் பெரியவர்களும் அப்படியே.

ஒன்றரை வருஷம் அவள் காரணத்தைக் கேட்கவில்லை. யாரோ தன் சாதியை விசாரித்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று தானாகவே முடிவு கட்டினாள். சொந்த ஊரில் கேட்டிராத வார்த்தையா? கேட்டு, அதை அவர் வாயால் சொல்லிவிட்டால் என்ன செய்வது? பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில்தான் அந்த மனு.

ஜூன் மாதம் ஹர்பூலின் மகளுக்குப் பிரசவ வலி கண்டது. மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் பன்னிரண்டு மைல். டிராக்டரில் சாந்தகுமாரியை ஏற்றிக்கொண்டு அவரும் வந்தார். அனல் காற்றில் ஐந்து மணி நேரம் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் செம்பு மத்தியானமே காலி. பெண் குழந்தை பிறந்தது என்று சொல்ல இவள் வெளியே வந்தபோது, சம்பந்தியம்மாள் நீட்டிய சர்பத்துக்கு அவர் கைகூப்பிக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது.

“குடித்தால் என்ன சௌத்ரி சாகேப்? மயங்கி விழப்போகிறீர்கள்.”

“மகள் வீட்டில் யாராவது தண்ணீர் குடிப்பார்களா? இந்த ஊர்க் கிணற்றிலேயே குடிக்கமாட்டேன். பெண்ணைக் கொடுத்த இடத்தில் எதையும் வாங்கக் கூடாது.”

அவர் எரிச்சலுடன் நிமிர்ந்தார். “என்ன முழிக்கிறாய்? உன் வீட்டில் மட்டும் குடிக்கிறேனா? வெள்ளம் வடிந்த அன்றைக்கே ஊர் கூடிச் சொல்லியாயிற்றே, நீ நம் ஊர் மகள் என்று. உனக்குச் சொல்லவில்லையா?”

யாரும் சொல்லவில்லை. யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லாருமே நினைத்திருந்தார்கள்.

திரும்பி வந்தபோது நிலையத்துக் கதவிடுக்கில் மாற்றல் உத்தரவு இருந்தது. நகரத்துக்குள் ஒரு மருந்தகம். பத்து நாளில் சேர வேண்டும். மறுநாளே அலுவலகத்துக்கு ஓடினாள். குமாஸ்தா சிரித்தார். அந்தக் கிராமத்தைக் கேட்டு இதுவரை ஒருவரும் மனுப் போட்டதில்லை, அவள் இடத்துக்கு ஆளும் கிடைக்கவில்லை. எழுதிக் கொடுத்தால் உத்தரவை ரத்து செய்ய வழி இருக்கிறது என்றார்.

அங்கிருந்து நேரே கோல் மார்க்கெட். நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். காமாக்ஷி கொடுத்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வைதேஹியின் முன்னால் காகிதத்தை நகர்த்தினாள்.

“அந்த ஊர்லயே இருக்கேன்னு எழுது.”

வைதேஹி பேனாவைத் திறந்தாள். “காரணம், அக்கா? முதுகு வலி சரியாயிடுத்துன்னு போடவா?”

“பொய்யெல்லாம் வேண்டாம் தாயி. ஊர்ப் பெரியவரு என் வீட்டுல தண்ணி குடிக்க மாட்டேங்காவன்னு எழுது.”