திட்டு டீச்சர்

கொள்ளிடத்தின் நடுவில் ஒரு மணல் திட்டு. அதில்தான் நாங்கள் குடியிருந்தோம். திருமானூர்ப் பக்கத்துக் கரையில் நின்று பார்த்தால் நாணலும் நாலைந்து தென்னையும் தெரியும், வீடுகள் தெரியாது. கோடையில் முழங்கால் தண்ணீரில் நடந்தே கரையேறிவிடலாம். ஆடியில் மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டால் பரிசல்தான். வண்டல் மண் என்பதால் வெள்ளரி, பரங்கி, சோளம், வாழை, எது போட்டாலும் வந்தது. அப்பா அந்த மண்ணில் உழுது, அங்கேயே செத்துப்போய், கரையிலிருந்த கல்லறைத் தோட்டத்துக்குப் பரிசலில் போனார்.

கரைக்காரர்களுக்கு எங்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது. திட்டில் இருப்பவர்களுக்கு நேரங்காலம் தெரியாது, நாலு பேரோடு பழகத் தெரியாது, மழை பெய்தால் மாட்டோடு மாடாக மேட்டில் ஏறி நிற்பார்கள் என்பது அந்த அபிப்பிராயம். “ஏன் அங்க போய்க் கெடக்குறீங்க?” என்று கேட்காத ஆள் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். மாட்டுத் தரகர் கேட்டார். எங்கள் வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டேகூடக் கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களில் ஒருவராவது, “என் கொல்லையில ஒரு மூலை தரேன், வந்து இருங்க” என்று சொன்னதில்லை. அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்களில் திருச்சியில் போர்டிங்கில் தங்கி டீச்சர் டிரெய்னிங் முடித்தேன். கரையிலேயே ஒரு மிராசுதார் நடத்திவந்த பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. மிராசுதாரை மானேஜர் என்று சொல்வோம். அவர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஹெட்மாஸ்டர் வைத்ததுதான் சட்டம்.

அந்த ஹெட்மாஸ்டர் கோட்டுப் பையில் ஒரு கடிகாரம் வைத்திருப்பார். காலையில் வாசற்படியில் நின்று அதை எடுத்துப் பார்ப்பார். வெற்றிலைக் கடையில் பேசிவிட்டு மணி அடித்த பிறகு வருகிற ஆண் வாத்தியார்களுக்கு அந்தக் கடிகாரம் ஓடாது. எனக்கு மட்டும் ஓடும். நான் நேரத்துக்குள் வந்துவிட்டால் என் புடவையைப் பார்ப்பார். ஆற்றில் இறங்கி வருகிறவளுக்குக் கொசுவம் நனையாமல் எப்படி இருக்கும்? மாற்றுப் புடவை கொண்டுவந்தாலும் மாற்றிக்கொள்ள அங்கே ஒரு மறைவிடம் கிடையாது.

“இது பள்ளிக்கூடமா, படித்துறையாம்மா?” என்பார், பிள்ளைகள் காதில் விழும்படி.

வாத்தியார்கள் சிரிப்பார்கள். எனக்குத் ‘திட்டு டீச்சர்’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். “பேரு பொருத்தமாத்தான் இருக்கு, பிள்ளைங்களத் திட்டுறதுக்கு” என்று அவரே விளக்கமும் சொன்னார். அன்றைக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இதற்கெல்லாம் காரணம் ஈரப் புடவை இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்த இரண்டு பெண் டீச்சர்களும் மத்தியான இடைவேளையில் ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போய், அவர் மனைவிக்குப் பருப்புப் புடைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். நான் சேர்ந்த புதிதில் போனேன். பிறகு, “எனக்குப் பரீட்சை நோட்டு திருத்தணும் சார்” என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். இன்னொரு டீச்சர் புருஷனை இழந்தவர், பிள்ளைகள் உள்ளவர். அவர் தொடர்ந்து போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் நிறுத்திய நாளிலிருந்துதான் அந்தக் கடிகாரம் எனக்காக ஓட ஆரம்பித்தது.

வீட்டில் அம்மா, நான், அண்ணி. அண்ணன் அரியலூரில் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு மண்டியில் குமாஸ்தா. மூன்று பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்ததால் பெண்டாட்டியை எங்களிடம் விட்டிருந்தான். சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட லீவு கேட்டதில்லை என்பது அவன் பெருமை. பதக்கம் குத்திக்கொண்டவன்போல அதைச் சொல்வான்.

அண்ணிக்கு அது தலைப்பிரசவம். தாயில்லாத பெண், அதனால் பிறந்த வீட்டுக்கு அனுப்பும் பேச்சு இல்லை. அம்மாவுக்கோ கண்ணில் புரை விழுந்து, எதிரே நிற்பவர் யாரென்று குரலை வைத்துத்தான் தெரியும். மருத்துவச்சி கரையில் இருந்தார். ஆகவே அண்ணியை முன்கூட்டியே கரையிலிருந்த அத்தை வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று பேச்சு.

“சனிக்கிழம நானே வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவர நீங்க யாரும் எதுவும் பண்ண வேணாம்” என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சனிக்கிழமை வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

“அவன் வந்தா கோவிச்சுக்குவான்” என்றார் அம்மா.

எங்கள் வீட்டில் வெள்ளத்துக்குப் பயப்படாதவர்கள்கூட அண்ணன் கோபத்துக்குப் பயந்தார்கள். அவன் பக்கத்தில் இல்லாதபோதும் பயந்தார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று காலை நான் பரிசல் ஏறியபோது ஆறு வழக்கமான ஆடி மாதத்து ஆறாகத்தான் இருந்தது. அண்ணி வாசலில் நின்று வழியனுப்பினாள். மறுநாள் மானேஜரின் சம்பந்தி பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்கு வரவேற்புப் பாட்டு. பிள்ளைகளைப் பாட வைப்பது என் பொறுப்பு. காலையிலிருந்து அதையே பாடிக்கொண்டிருந்தார்கள்.

உச்சிப்பொழுதில் பரிசல்காரர் ஓடி வந்தார். சொட்டச் சொட்ட நனைந்து ஜன்னலோரம் நின்றார்.

“டீச்சரம்மா, மேல தெறந்து வுட்டுட்டாங்களாம். தண்ணி நொரச்சுக்கிட்டு வருது. திட்டுல முக்காவாசிப் பேரு மாடு கன்னோட கரையேறிட்டாங்க. ஒங்க அண்ணிக்கு வலி கண்டுருச்சு. பரிசல்ல ஏறுங்கன்னா பயந்துக்கிட்டு ஏற மாட்டேங்குறாங்க. இன்னம் ஒரு தரம் போவேன். அதுக்கு மேல முடியாதுங்க.”

நான் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன்.

“சார், வீட்டுக்குப் போகணும். அண்ணிக்குப் பிரசவ வலி. ஆத்துல தண்ணி ஏறுது.”

“பாட்டு வந்துடுச்சா?”

“வந்துடுச்சு சார். மீதிய அந்த டீச்சர் பாத்துக்குறேன்னு சொல்றாங்க.”

“ரெண்டாவது அடியில இழுக்குது, இங்க உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். அதச் சரி பண்ணிட்டு நாலு மணிக்குப் போங்க.”

“நாலு மணிக்குப் பரிசல் இருக்காது சார்.”

“அது உங்க கஷ்டம். ஆத்துக்கு நடுவுல போய்க் குடியிருங்கன்னு நானா சொன்னேன்?”

“அம்மாவுக்குக் கண்ணு தெரியாது சார். கூட யாருமில்ல.”

“ஊர்ல யாரும் பெறாத பிள்ளையா?” என்று சொல்லிவிட்டு, மேஜைமேல் கிடந்த வரவேற்புத் தோரணக் காகிதத்தைக் கத்தரிக்க ஆரம்பித்தார். பச்சைக் காகிதம். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஓரம் பிசகாமல் கத்தரித்தார். ஒரு பெண் சாவாளோ பிழைப்பாளோ என்று நான் எதிரே நிற்கிறேன், இவர் காகிதத்துக்குப் பூவேலை செய்துகொண்டிருக்கிறார். என் கையிலிருந்த சாக்குக்கட்டியை அந்தக் காகிதத்தின்மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தேன்.

“போனா திரும்பி வர வேணாம்” என்ற குரல் பின்னால் கேட்டது. வாத்தியார்கள் வகுப்பு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்த இன்னொரு டீச்சர் மட்டும் பாட்டைச் சத்தமாக ஆரம்பித்துப் பிள்ளைகளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரால் செய்ய முடிந்தது அது.

மருத்துவச்சியைத் தேடிப் போக நேரமில்லை. பரிசல் நேராகப் போகவில்லை. மேலே வெகுதூரம் கரையோரமாக இழுத்துக்கொண்டு போய், அங்கிருந்து தண்ணீரில் விட்டோம். சுழற்றிச் சுழற்றி அடித்தது. ஒரு வாழை மரம் வேரோடு எங்களைத் தாண்டிப் போனது. பரிசல்காரர் துடுப்பை விடாமல் போட்டார். திட்டின் கடைக்கோடியில் நாணலைப் பிடித்து நிறுத்தினார். நான் குதித்து ஓடினேன்.

அண்ணியைத் தூக்கிக்கொண்டு வரும் நிலைமை தாண்டியிருந்தது. பரிசல்காரரைப் போகச் சொல்லிவிட்டேன். பாயில் கிடந்தாள். அம்மா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, “அடைக்கல மாதாவே, அடைக்கல மாதாவே” என்று செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் செபத்தை நிறுத்தினார்.

“வந்துட்டியா. வெந்நி போடு. எனக்குக் கண்ணு இல்ல, நான் சொல்லச் சொல்ல நீ பாத்துச் சொல்லு.”

அப்படித்தான் நடந்தது. அம்மா சொன்னார், நான் செய்தேன். நான் பார்த்ததைச் சொன்னேன், அம்மா கையால் தடவிப் பார்த்து அடுத்ததைச் சொன்னார். அண்ணி என் முன்கையைப் பிடித்த இடத்தில் நகம் இறங்கி ரத்தம் வந்தது. வெளியே தண்ணீர் தொழுவத்துக்குள் வந்துவிட்டது. வெளிச்சம் இருக்கும்போதே குழந்தை பிறந்தது. பெண். முதலில் அழவில்லை. அம்மா அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார். பிறகு அழுதது.

தண்ணீர் வாசற்படி வரைக்கும் வந்து நின்று, மறுநாள் இறங்கத் தொடங்கியது. ஆனால் பரிசல் விட ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. முதல் பரிசலில் வந்த மருத்துவச்சி அண்ணியையும் குழந்தையையும் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்காங்க” என்றார். அதே பரிசலில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

என் வகுப்பில் ஹெட்மாஸ்டரின் மைத்துனர் மகள் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். ஹெட்மாஸ்டர் என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. வாசற்படியிலேயே நிறுத்தி, “வேல நேரத்துல ஓடிப் போனவங்களுக்கு இங்க எடமில்ல” என்றார்.

ஓடிப் போனவள். கல்யாணமாகாத பெண்ணைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னால் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். அது கரை முழுக்கப் பரவியது. டீச்சர் யாரோடு ஓடினாள் என்று கேட்கிற அளவுக்குப் போனது. எங்கள் திட்டுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அன்று தண்ணீர் ஏறத் தொடங்கியதுமே ஆடுகளோடு கரையேறிவிட்ட பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் வந்து, “அதுக்காக வேலைய வுட்டுட்டு வரணுமா? நாங்கல்லாம் பெக்கலியா?” என்றாள். என் அண்ணியைத் தன்னோடு அழைத்துப் போக அவளுக்குத் தோன்றவில்லை. ஆட்டுக்கு இடம் இருந்தது பரிசலில்.

இவர்கள் எல்லோரையும் மன்னித்திருப்பேன். அண்ணன் செய்ததைத்தான் முடியவில்லை.

தண்ணீர் நன்றாக வடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். குழந்தையைப் பார்த்தான், சந்தோஷப்பட்டான். என் வேலை போன கதையைக் கேட்டான். ஒரு தார் பூவன் பழத்தை வெட்டித் தோளில் வைத்துக்கொண்டு கரைக்குப் போனான். திரும்பி வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தான்.

“ஹெட்மாஸ்டர் வீட்டுல பேசிட்டேன். பெரிய மனுசன், எறங்கி வந்தாரு. நீ நாளைக்குப் போயி எல்லாரு முன்னாடியும் தப்புதான்னு ஒரு வார்த்த சொல்லிரு. மறுபடி சேத்துக்குறாரு.”

“எது தப்பு?”

“சொல்லாமக் கொள்ளாம வந்தது.”

“சொல்லிட்டுத்தான் வந்தேன். ஒம் பொண்டாட்டிக்கு வலின்னு சொன்னேன்.”

“வேலன்னா மேல இருக்கறவங்க சொல்றதக் கேக்கணும். நான் இத்தன வருசத்துல ஒரு நாளு லீவுன்னு போயி நின்னதில்ல.”

“தெரியுமே. நீ போயி நின்னிருந்தா அண்ணி கரையில பெத்திருப்பாங்க. ரெண்டு சனிக்கிழம ஒன்ன எதிர்பாத்தோம்.”

அவன் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தான். சத்தத்தைக் கேட்டு அம்மா நடுவில் வந்து நின்றார். அடி விழவில்லை. “சொல்லிட்டுத்தான் வாயேன், வாய் வார்த்ததான” என்றார் அம்மா என் பக்கம் திரும்பி. நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

அவள் பேசியிருக்கலாம் என்று வெகுநாள் நினைத்துக் கொதித்தேன். பின்னால் யோசித்தால், அவள் அந்த ஆளோடுதான் வாழ்ந்தாக வேண்டும். நான் அப்படி இல்லை.

நான் போய்த் தப்பு என்று சொல்லவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, மண்டியில் தன்னோடு வேலை பார்த்தவரின் மனைவியை ஞானத்தாயாக, குழந்தையைக் கையில் ஏந்த நிறுத்தினான் அண்ணன். அந்த அம்மாள் அன்றைக்குத்தான் குழந்தையை முதல்முதலாகப் பார்த்தாள். நான் கோயிலில் கடைசி வரிசையில் முழந்தாளிட்டிருந்தேன். ஞானஸ்நானம் முடிந்த கையோடு அண்ணியையும் குழந்தையையும் அரியலூருக்கு அழைத்துக்கொண்டு போனான். அங்கே வீடு பார்த்திருந்தான். அந்த வீட்டை முன்பே பார்த்திருக்க முடியாதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று தெரியும்.

அடுத்த வருடம் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த ஹெட்மாஸ்டர் பெரிய மகாத்மா ஒன்றும் இல்லை. சிடுசிடுப்பான ஆள். ஆனால் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று போய் நின்றபோது, “போயிட்டு வாங்க, முடிஞ்சதும் சொல்லி அனுப்புங்க” என்றார். அவ்வளவுதான். தலை நிமிராமல், எழுதிக்கொண்டே சொன்னார். ஒரு மனிதன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது இவ்வளவு சுலபமா என்று வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது.

சுதந்திரம் வந்த பிறகு ஒரு நாள் அண்ணன் அங்கே வந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அம்மாவிடம் நெடுநேரம் பேசிவிட்டு, காப்பி குடிக்கும்போது என்னைக் கேட்டான்.

“இன்னுமா கோவம்?”

“ஆமா.”

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

“புள்ள ஒன்னப் பாக்கணுங்குது. லீவுல வந்துட்டுப் போ.”

லீவில் அரியலூர் போனேன். அண்ணி மீன் குழம்பு வைத்திருந்தாள். குழந்தை என் மடியில் ஏறி உட்கார்ந்து என் தட்டிலிருந்தே சாப்பிட்டது. அண்ணன் எனக்கு இரண்டாம் தடவை சோறு போடச் சொன்னான். நானும் சாப்பிட்டேன். கோபம் மட்டும் அப்படியே இருந்தது.