பன்னிரண்டு மில்லிமீட்டர் மேசை

2012-ஆம் ஆண்டு கார்த்திகையில் என் கழுத்துவலி இடது தோளுக்கு இறங்கி, கட்டைவிரல் வரை மரத்துப்போக ஆரம்பித்தது. ஸ்ரீபெரும்புதூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பில் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதை மூன்று மாதம் நிறுத்துங்கள் என்றார். அவர் எழுதித் தந்த மாத்திரையைவிட அந்த மூன்று மாதம்தான் எனக்குக் கசந்தது.

நான் வீட்டிலிருந்தே வரைபட வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரகடத்தில் ஒரு சிறிய பட்டறை. இரும்புத் தகட்டை அழுத்தி உருவம் எடுக்கும் அச்சுகளை, அவர்கள் பேச்சில் ‘டை’களை, செய்பவர்கள். ஓர் அச்சுக்கு முப்பது, நாற்பது பாகங்கள் இருக்கும். அவர்கள் மெயிலில் அனுப்பும் வடிவமைப்பிலிருந்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளவு போட்டு வரைந்து திருப்பி அனுப்புவது என் வேலை. திருமணத்துக்கு முன்பும் பின்பும் அம்பத்தூரில் அதே வேலையைத்தான் பல வருஷம் பார்த்தேன். 2006-இல் கணவரின் வேலை இந்தப் பக்கம் வந்ததால் நாங்களும் வந்தோம். சாலை நெடுகத் தொழிற்சாலைகள், ஆனால் எல்லோருக்கும் இருபது வயதுக்காரர்கள்தான் வேண்டும். நான் போய்க் கேட்ட இடங்களிலெல்லாம் நைட் ஷிப்ட் வருவீர்களா என்பதே முதல் கேள்வியாக இருந்தது. நாற்பதைத் தாண்டிய எனக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே வேலை அந்தப் பட்டறை வேலை.

பட்டறைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர். ஆபரேட்டராக வந்து, சுங்குவார்சத்திரத்தில் ஓர் அறையில் நண்பர்களோடு நெருக்கியடித்துத் தங்கி, பிறகு சொந்தமாக இரண்டு மெஷின் போட்டவர். டாக்டர் சொன்னதை அவரிடம் போனில் மறைக்காமல் சொன்னேன்.

"அவசரமில்லக்கா. மெதுவா பாருங்க. ஆனா பொங்கல் கழிஞ்சு பெரிய டை ஒண்ணு வருது. நீங்க பாத்துருவீங்களா, வேற ஆளத் தேடணுமான்னு மட்டும் அதுக்கு முன்னால சொல்லிருங்க. அம்பத்தூர்ல ஒரு பையன் வேலை கேட்டுக்கிட்டே கெடக்கான்."

அதில் மிரட்டல் எதுவும் இல்லை. அவர் நிலையில் நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனால் அந்தப் பையன் ஒரு முறை உள்ளே வந்துவிட்டால் நான் திரும்பிப் போக இடம் இருக்காது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

என் கணவர் ஒரு கார் பாகத் தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் பிரிவில் இருந்தார். எதையும் பழுதாகப் பார்த்து, காரணம் கண்டுபிடித்து, சரிசெய்வது அவர் சுபாவம். அவர்கள் ஆபீஸ் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்களாம்: மானிட்டரின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்று. அதைப் போனில் படம் எடுத்து வந்து காட்டினார். பிறகு இரண்டு பழைய டெலிபோன் டைரக்டரிகளையும் ஒரு கட்டு ஜெராக்ஸ் பேப்பரையும் மானிட்டருக்கு அடியில் அடுக்கினார். வலி அதிகமானது. உயரம் போதவில்லை என்று இன்னொரு கட்டுப் பேப்பர் வாங்கி வந்தார். வலி இன்னும் அதிகமானது.

அடுக்கு ஆடுவதுதான் காரணம் என்று அவர் முடிவு செய்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் வந்து இறங்கியது, மானிட்டரைத் தாங்கிப் பிடிக்க ஓர் இரும்புக் கை. ஒரகடத்தில் வெல்டிங் கடை வைத்திருந்த நண்பரிடம் சொல்லி, சதுரக் குழாயிலும் ஆங்கிளிலும் செய்து, மெஷினுக்கு அடிக்கும் பச்சை பெயின்ட் அடித்திருந்தார். அவரும் ஆட்டோக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். பற்றவைத்த இடமெல்லாம் உரசி வழவழப்பாக்கியிருந்தது. வேலை சுத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"அம்பது கிலோ தாங்கும்," என்றார்.

"மானிட்டர் மூணு கிலோதாங்க. நான் ஒண்ணும் அதுல தொங்கப்போறதில்லையே."

"சேஃப்டி வேணாமா?"

என் மேசையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அது பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த சந்தில் பொருந்திய ஒரே மேசை. மேல்பலகை மரத்தூளை அழுத்திச் செய்தது, மேலே வழுவழுப்பான தாள் ஒட்டியது. கணவரின் வெர்னியர் அளவுகோலால் அளந்தேன், பன்னிரண்டு மில்லிமீட்டர். கால்கள் மெல்லிய இரும்புக் குழாய். கீபோர்டு வைக்கும் தட்டு அடியில் இழுத்துத் தள்ளும்படி இருந்தது. அந்தத் தட்டின் உயரம் என் முழங்கைக்கு அளந்து செய்ததுபோல இருந்ததால் மேசையை மாற்ற எனக்கு மனமில்லை.

இரும்புக் கையைப் பின்விளிம்பின் நடுவில் வைத்து முடுக்கினார். மானிட்டரை மாட்டுவதற்கு முன்பே பலகை நடுவில் தொய்ந்தது. கீபோர்டு தட்டை இழுத்தேன், வரவில்லை. தொய்ந்த பலகை அதை மேலிருந்து அமுக்கிக்கொண்டிருந்தது. அவர் டார்ச்சோடு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து அங்கிருந்து தீர்ப்பு வந்தது.

"கை சரியாத்தான் இருக்கு. டேபிள்தான் அப்பளம்."

பச்சைக் கை பால்கனிக்குப் போனது. நான் அரைமணி வேலை, அரைமணி படுக்கை என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மார்கழி தொடக்கத்தில் தைலம் வாங்க பஸ் நிலையத்தை ஒட்டிய மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். தைலம் அவர் முகத்துக்கு நேரான தட்டில் இருந்தது. எழுத்தைப் படிக்க அவர் தட்டின் அருகில் போய், மோவாயைத் தூக்கி, வாயை லேசாகத் திறந்து, கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்த்தார். கண்ணாடிச் சில்லில் குறுக்காக ஒரு கோடு. என் கண்ணாடியிலும் அதே கோடு. தைலத்தை எடுத்து என்னிடம் கொடுத்த கையாலேயே பிடரியைத் தேய்த்துக்கொண்டார்.

உங்களுக்கும் கழுத்துவலி உண்டா என்று கேட்டேன். சிரித்தார்.

"கீழ வச்சு பட்ச்சா ஒண்ணும் இல்லம்மா. மேல் தட்டப் பாத்துகினே இருந்தா புட்ச்சுக்குது. இன்னா பண்றது, கடையே மேல் தட்டுலதான கீது."

நான் வீட்டுக்கு நடந்து வந்ததும் செய்த முதல் வேலை, மேசையில் உட்கார்ந்து என் மோவாய் எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்தது. தூக்கியிருந்தது. கண்ணாடி ஆடி மாதம் வாங்கியது. மேலே தூரத்துக்கு, கீழே கிட்டத்துக்கு. வலி ஆவணியில் தொடங்கியது. திரை கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் உயரத்தில் இருக்கிறது. கீழ்ச்சில்லு வழியாக அதைப் பார்க்க வேண்டுமானால் தலையைப் பின்னால் சாய்த்தே ஆக வேண்டும். ஒவ்வொரு டைரக்டரியும் ஒவ்வொரு கட்டுப் பேப்பரும் என் தலையை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளியிருக்கின்றன. சுவரில் ஒட்டிய அந்தப் படத்தில் இருந்த மனிதர் கண்ணாடி போடாதவர்.

அடுக்கையெல்லாம் எடுத்தேன். கழுத்துக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் மானிட்டரின் காலே அதை மேசையிலிருந்து ஒரு சாண் தூக்கி வைத்திருந்தது. அந்தக் காலைக் குறைக்க வழியில்லை. காலைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்த்துப் பார்த்தேன், கீபோர்டை நோக்கிச் சறுக்கி வந்தது. கம்ப்யூட்டருக்கென்று தனிக் கண்ணாடி போடலாம் என்றார் கண்ணாடிக் கடைக்காரர். எனக்கு ஒரு கண் திரையிலும் ஒரு கண் அடுப்பிலும் இருக்கும். எழுந்திருக்கும்போதெல்லாம் கண்ணாடி மாற்றினால், பாதி நாள் மற்றக் கண்ணாடியைத் தேடுவதில் போய்விடும். ஆக, எனக்கு வேண்டியது மானிட்டரைக் கீழே இறக்கி, முகத்தை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளும் ஒரு கை.

"கீழ எறக்கவா?" என்றார் கணவர். "எல்லாரும் மேல ஏத்தத்தான் கை வாங்குவாங்க."

மருந்துக் கடைக்காரரைப் பற்றிச் சொன்னேன். கணவர் என் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். பார்வை அவருக்குக் கலங்கியிருக்க வேண்டும், ஆனால் கோட்டுக்குக் கீழே திரையைக் கொண்டுவர மோவாயைத் தூக்கினார். தூக்கியபடியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். அன்று மாலையே டைரக்டரிகள் பழைய பேப்பர்க்காரரிடம் போயின.

இனி என்ன மாதிரிக் கை என்று பார்க்க வேண்டும். சுவரில் மாட்டும் கை மலிவு, ஆனால் வீட்டுக்காரர் காலண்டருக்கே ஆணி அடிக்க விடாதவர். மேசையில் துளை போட்டுப் பூட்டும் கைக்கு என் பலகை உதிர்ந்துவிடும். மிச்சம் இருந்தது விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கை. அதற்கும் மெல்லிய பலகையில் இரண்டு சிக்கல்கள். கவ்வியின் வாய் அவ்வளவு குறுகலாக மூடுமா என்பது ஒன்று. மூடினாலும், திருகின் முனை ஒரே இடத்தில் அழுத்தி மரத்தூளை நொறுக்கிவிடும் என்பது மற்றொன்று. பலகைக்கு அடியில் ஒரு மரத்துண்டும், மேலும் கீழும் அகலமான தகடும் வைத்துவிட்டால் இரண்டும் தீரும். இடத்தையும் மாற்ற முடிவு செய்தேன். பின்விளிம்பின் நடுவில் வேண்டாம், பக்கவாட்டில், கால் நேராக இறங்கும் மூலையை ஒட்டி. அங்கே பலகை தொய்யாது.

வெளிநாட்டிலிருந்து மெஷின்கள் வரும் பெட்டிகளைப் பிரித்து விற்கும் மரக்கடைகள் ஒரகடம் சாலையில் உண்டு. அங்கிருந்து கணவர் ஒரு பைன் துண்டு கொண்டுவந்தார். தகட்டுக்கு அவர் எங்கும் போகவில்லை. பால்கனியில் ரம்பச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். பச்சைக் கையின் அடித்தகட்டை அறுத்துக்கொண்டிருந்தார்.

"அதை எதுக்குங்க அறுக்கறீங்க? ஆசையா செஞ்சது."

"அம்பது கிலோ தாங்குற தகடு. மூணு கிலோவைத் தாங்காதா?"

அறுத்த விளிம்புகளை அரத்தால் தேய்த்து, கை கீறாதபடி ஆக்கித்தான் கொடுத்தார்.

இணையக் கடைகளில் விலை குறைவாக இருந்தது, ஆனால் எங்கள் பின்கோடைப் போட்டால் அனுப்ப முடியாது என்று வந்தது. அதனால் ஒரு நாள் காலையில் பஸ் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். மானிட்டரின் முதுகில் நான்கு திருகுத் துளைகள் இருக்கும். அவற்றின் இடைவெளி நூறு மில்லிமீட்டர் என்று அளந்து வைத்திருந்தேன். கால் இல்லாமல் எடை மூன்று கிலோவுக்குச் சற்று மேல். மேசைப் பலகையின் கனத்துக்கு ஓர் அட்டைக்கட்டு, பைன் துண்டு, இரண்டு தகடுகள் எல்லாவற்றையும் ரப்பர் பேண்டு போட்டுக் கைப்பையில் வைத்திருந்தேன்.

கடைப் பையன் முதலில் எடுத்துக் காட்டியது காற்று ஸ்பிரிங் வைத்த கை. ஒரு விரலால் தொட்டால் ஏறும், இறங்கும் என்றான். அழகாகத்தான் இருந்தது. பெட்டியைத் திருப்பிப் படித்தேன். என் மானிட்டரைவிடக் கனமானவற்றுக்குச் செய்தது. லேசான மானிட்டரை மாட்டினால் ஸ்பிரிங் அதைத் தானாக மேலே தூக்கிவிடும். எனக்கு வேண்டியதோ கீழே. தவிர, அந்த மேசையில் உட்காருவது நான் ஒருத்தி. ஒரு முறை உயரம் வைத்தால் போதும். தினம் ஏற்றி இறக்குவதற்கு நான் ஏன் விலை கொடுக்க வேண்டும்? நேரான கம்பமும், அதில் வளையத்தை நகர்த்தித் திருகால் இறுக்கும் கையும் இருக்கிறதா என்று கேட்டேன். பரணிலிருந்து தூசி தட்டி எடுத்தான். விலை மூன்றில் ஒரு பங்கு. வளையம் கம்பத்தின் அடிவரை இறங்குகிறதா என்று பார்த்தேன், இறங்கியது. பிறகு கைப்பையிலிருந்து என் கட்டை எடுத்துக் கவ்வியின் வாயில் வைத்து முடுக்கினேன். இறுகப் பிடித்தது.

"டேபிளையே பைல போட்டுகினு வந்த மொத ஆளு நீங்கதான் மேடம்," என்றான்.

மாட்டுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. நான் சொன்ன மூலையில் கணவர் முடுக்கினார், நான் கீபோர்டு தட்டை இழுத்து இழுத்துப் பார்த்தேன். கடைசிச் சுற்று வரை தடையில்லாமல் வந்து போனது. மானிட்டரை அதன் கீழ்விளிம்பு மேசையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி இறக்கி, முகத்தை மேல்நோக்கிச் சாய்த்தோம். மடியில் விரித்த புத்தகத்தைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டியிருந்தது. மோவாயைத் தொட்டுப் பார்த்தேன். கழுத்துக்குழிக்குப் பக்கத்தில் இருந்தது.

முதலில் கட்டைவிரலின் மரத்தல் போனது. பிறகு தோள். கழுத்தில் ஒரு பிடிப்பு மட்டும் பனிக்காலக் காலைகளில் மிஞ்சியது. அது இன்றும் வருகிறது, வெந்நீர் ஊற்றினால் போய்விடும். டாக்டரிடம் போய், நிறுத்தச் சொன்னதை நிறுத்தவில்லை, இறக்கினேன் என்று சொன்னேன். விரலை மடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கிறதானால் செய்யுங்கள் என்றார்.

போகியன்று காலை பட்டறைக்காரருக்கு நானே போன் செய்தேன். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கக்கா. கழுத்து எப்படி இருக்கு?"

"இருக்க வேண்டிய இடத்துல இருக்கு தம்பி. டையை அனுப்புங்க."

"ஊருக்குப் போவேம்லா. பொங்கல் கழிஞ்சு அனுப்புதேன்."

"இப்பவே அனுப்புங்க. நான் எங்கயும் போகல."

அவர் சிரித்தது மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மதியத்துக்குள் மெயில் வந்துவிட்டது. அம்பத்தூர்ப் பையனிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பால்கனியில் அடித்தகடு போன பச்சைக் குழாயைக் கணவர் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்த் துணிக்கொடிக்குக் கம்பமாக நட்டுக்கொண்டிருந்தார். நான் கீபோர்டு தட்டை இழுத்துக்கொண்டு முதல் பாகத்தைத் திறந்தேன். அச்சின் அடித்தகடு. கனம் நாற்பது மில்லிமீட்டர்.