கண்மூடிக் கேட்ட மெக்கானிக்

மாமல்லபுரத்துக் கடலோரம் இருக்கும் என் வீட்டுக் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணைந்துகொண்டிருந்தது. மறைந்த என் மனைவி மகளுக்குப் பாடிய தாலாட்டு அதில் மட்டும்தான் இருந்தது.

செங்கல்பட்டிலிருந்து மெக்கானிக்காக ஒரு பெண் வந்தார். நெற்றியில் ஹெல்மெட் பதிந்த கோடு. கம்ப்யூட்டர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து, கண்மூடிக் கேட்டார்.

"ஃபேன் சுத்தலண்ணா. உப்புக்காத்துல துரு புடிச்சிகினு கீது. சூடு தாங்காம ஆஃப் ஆவுது."

புது விசிறி மாட்டினார். "எதுனா போடுங்க, ஓடுதான்னு பாக்கலாம்."

தாலாட்டைப் போட்டேன். என் மனைவியின் குரல் அறையெங்கும் மிதந்தது. அலைச் சத்தம்கூட எங்கோ தள்ளிப் போயிற்று. பாட்டு முடிந்தும் அந்தப் பெண் மீண்டும் மூடியிருந்த கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொரு தபா போடுங்கண்ணா."

"இன்னும் சந்தேகமாம்மா?"

"இல்லண்ணா. அது சரியாயிடுச்சி."

மறுபடி போட்டேன். அவர் அதில் யார் குரலைக் கேட்டார் என்று இன்றும் யோசிக்கிறேன்.