பதினைந்தாவது வண்டி

காவேரிப் பாலத்தின் ஸ்ரீரங்கம் பக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றபோது அந்தப் போலீஸ்காரரைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் வெளுத்த தொப்பி, நெஞ்சில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கேமரா. வண்டியை மறித்ததும் முதலில் அதன் பட்டனை அமுக்குவார். சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான், "லைசென்ஸ் எடுங்க" என்பார். பதினான்கு வண்டிகளை எண்ணினேன். ஒன்றில்கூட அவர் தவறவில்லை.

பதினைந்தாவதாக மறித்த இளைஞன் ஹெல்மெட் போடவில்லை. "பெரிய கலெக்டரு! வழிய விடுய்யா" என்றான். போலீஸ்காரர் சாவியைப் பிடுங்கினார். அவன் சட்டையைப் பற்றிக் கையை ஓங்கினார். நெஞ்சில் விளக்கு எரியவில்லை.

"சார், பட்டனை அமுக்கலீங்க!" என்று கத்தினேன்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. குனிந்து பார்த்தார். சட்டையை விட்டுவிட்டுப் பட்டனை அமுக்கினார். "லைசென்ஸ் எடுங்க" என்றார், மற்றவர்களிடம் கேட்ட அதே குரலில். அவன் எடுத்துக் கொடுத்தான்.

அவன் போனதும் கேமராவை அணைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"மறந்துட்டீங்களா சார்?" என்றேன் மெதுவாக.

"அதான் பெரியவரே எனக்கும் புரியலை. மறந்தேனா, வேணும்னே விட்டேனான்னு."

போலீஸாருக்குக் கேமராவைக் கட்டாயமாக்கலாமா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். கட்டாயம் ஆக்கட்டும். ஆனால் பட்டனை மட்டும் அவர்கள் விரலில் விடக் கூடாது. அந்த நல்ல மனிதரைப் பார்த்த பிறகுதான் இதைச் சொல்கிறேன்.